4294967297-ஐ 641 வகுக்கும் என்று ஆய்லர் எப்படிப் பிடித்தார்?

கேள்வி (பி.எஸ்சி. கணிதம், முதலாண்டு)

வணக்கம். 2^32 + 1, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதே வரிசையில் (2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1, 2^8 + 1, 2^16 + 1) 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக வந்ததால் இதுவும் பகா எண்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்தார். பகா எண்களில் 641 என்பது 116-ஆவது. அத்தனையையும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாரா?

பதில் 1 (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்)

தேவையே இல்லை தம்பி. இதை வகுக்கும் பகா எண் ஒன்றை 'ப' என்று வையுங்கள். 2^32-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1. இருமடியாக்கினால் 2^64-க்கு மீதி 1. 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவதே இந்த 64-இல்தான். அதற்கு முன்பே வந்திருந்தால் 32-இலும் 1 வந்திருக்கும், −1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(ப−1)-க்கும் மீதி 1. மீதி 1 திரும்பத் திரும்ப 64-இன் மடங்குகளில் மட்டுமே வரும்; ஆகவே ப−1 என்பது 64-இன் மடங்கு.

இப்போது தேடும் இடம் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். 65, 129, 193 என்று போனால் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி பூஜ்யம்! ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைக்கும் கருவி அவருடைய தேற்றத்திலேயே இருந்தது. எத்தனை வருஷம் பாடம் எடுத்தாலும் இந்த இடம் வரும்போது எனக்குச் சிலிர்க்கும். ஆய்லர் 1732-இல் விடையை மட்டும் சொன்னார்; காரணத்தைப் பிற்பாடுதான் எழுதினார்.

கேட்டவர்

அருமை ஐயா! அப்போ 6700417 பகா எண் என்பதையும் கையாலேயே காட்டிவிடலாமா?

பதில் 1

தாராளமாக. அதன் காரணி எதுவும் பெரிய எண்ணுக்கும் காரணிதானே, அதே கட்டுப்பாடு பொருந்தும். 19-ஆம் நூற்றாண்டில் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் அதை இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதி முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை, ஆகவே பகா எண். காகிதத்தில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், கால் மணி நேர வேலை.

பதில் 2 (மென்பொருள் வேலையில் இருப்பவர்)

இதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். ஒன்று குறைத்தால் 2^32. இணையத்தில் கணினிகளுக்கு எண் முகவரி தரும் ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகள் அவ்வளவுதான். இரண்டு குறைத்தால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. அந்த ஐந்து பேரும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்களில் ஒருவராலும் 4294967297-ஐ வகுக்க முடியாது. மீதி எப்போதும் 2. மேலே ஐயா போட்ட 257-ஐ இந்தக் காரணத்தால் பார்க்காமலே விட்டுவிடலாம்.

நிரல் எழுதிச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். சிறிய தேற்றத்தை 2-ஐ வைத்து மட்டும் சோதித்தால் இது பகா எண் போலவே தேறிவிடும்: 2^64-க்கு மீதி 1, 2^32 என்பது 64-இன் மடங்கு, அப்புறம் 1 வராமல் என்ன செய்யும்? 3-ஐப் போடுங்கள், உடனே மாட்டிக்கொள்ளும்.