மொய் விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, எவ்ளோ எழுதணும்?

கோவை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோயம்புத்தூர், இப்ப வேலைக்காக பேராவூரணி பக்கம் இருக்கேன். ஆபீஸ்ல கூட இருக்கற அண்ணன் ஒருத்தரு பத்திரிகை வச்சாரு, பிரிச்சுப் பாத்தா கல்யாணமும் இல்ல காதுகுத்தும் இல்ல, வெறும் மொய் விருந்துனு போட்டு ஏழெட்டுப் பேரு பேரு வரிசையா இருக்குதுங்க. கெடாக்கறி சாப்பாடாம். சும்மா போய் சாப்டுட்டு வந்தா தப்பா நெனப்பாங்களா? ஐயாயிரம் எழுதிறலாம்னு பாக்கறேன், மனுசன் எனக்கு வீடு பாத்துக் குடுத்தவரு.

தென்னந்தோப்பு:
தம்பி நான் கீரமங்கலம். ஆடி பொறந்துட்டா எங்க பக்கம் இதான் சீசன். தனியா போட்டா செலவு தாங்காதுன்னு பல பேரு சேந்து ஒரே பந்தலா போட்டு சமையல் செலவப் பிரிச்சுக்குவாங்க, ஆனா மொய் எழுதுற டேபிள் ஆளுக்கு ஒண்ணு, அவரு பேரு எழுதி மாட்டிருக்கும், அத பாத்து உக்காந்து எழுதணும்.

ஐயாயிரம் வேணாம்ப்பா. அது அவருக்கு நீ பண்ற உதவி இல்ல, அவரு தலையில நீ ஏத்துற பாக்கி. கணக்கு எப்படின்னா, அவரு முன்னாடி உனக்கு 1000 செஞ்சிருந்தா நீ இப்ப 2000 எழுதுவ, 1000 பழசு, 1000 புது நடை. அந்தப் புதுச திருப்ப அவரு உன் விருந்துக்கு வரும்போது அதுக்கு மேலயும் கொஞ்சம் போடுவாரு, இப்படியே போயிட்டே இருக்கும். சரியா வாங்குன 1000 மட்டும் எழுதுனா "முடிச்சுக்கிட்டாங்க"ன்னு அர்த்தம், அதோட அந்த வீட்டுப் போக்குவரத்தே நிக்கலாம். நீ இங்க எப்ப விருந்து வைக்கப்போற? டிரான்ஸ்பர் வந்து கெளம்பிட்டா உன் ஐயாயிரம் அவரு மொய் நோட்டுல தொங்கிட்டே கெடக்கும், அவரு செத்தா அவரு மகன் நோட்டுக்குப் போவும்.

தேனி_அக்கா:
எங்க ஊர்ல செய்முறைன்னு சொல்லுவோம், அங்கயும் நோட்டு உண்டு, ஆனா ஒரு விசேஷம்னு ஒண்ணு இருக்கும்ல. இது என்ன, இலையப் போட்டு வட்டியில்லாக் கடன் வாங்குறது, இதப்போய் விருந்துங்குறீங்க? 2019ல வடகாட்டுல ஒருத்தருக்கு ஒரே நாள்ல 4 கோடி விழுந்துச்சுனு பேப்பர்ல போட்டாங்க, ஒரு டன் கறியாம். திருப்பிச் செய்ய வக்கில்லாதவன் என்ன பண்ணுவான், நகைய அடகு வச்சு எழுதுறான்.

தென்னந்தோப்பு:
அடகு வைக்கிறது உண்மைதான்க்கா, இல்லைங்கல. ஆடியில ஒரே நாள்ல மூணு நாலு பத்திரிகை வந்தா வயிறு கலங்கும். ஆனா கஜா புயல்ல (2018) தோப்பு மொத்தமா சாஞ்சு கெடந்தப்ப பேங்க்ல ஜாமீன் கேட்டான், சொந்தக்காரன் போன எடுக்கல. எங்க வீட்டு போருக்கு மோட்டார் எறங்குனதே மொய்க்காசுலதான். எழுதுனவன் யாரும் பேப்பர்ல கையெழுத்து கேக்கல. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா நம்ம மொற வரும், வந்து இலையில உக்காந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுத்தான் எழுதுவான், சாப்புடாம காச மட்டும் குடுத்துட்டுப் போனா எங்கப்பா வாங்கவே மாட்டாரு.

ரசம்_போதும்:
கடன்னே வச்சுக்கோங்க, எந்தக் கடன்காரன் ரெண்டாவது தடவ கறி வைக்கிறான் 😄

கோவை_பையன்:
ஐயோ இவ்ளோ இருக்குதுங்களா. அப்ப ஒண்ணும் எழுதாம வந்தா?

தென்னந்தோப்பு:
வெளியூரு ஆளுன்னு தெரியும், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா உனக்கே தொண்டையில எறங்காது. ஐந்நூறு எழுது, அதுக்கு மேல வேணாம். எழுதுறவரு ஊரு கேப்பாரு, கோயம்புத்தூருன்னு சொல்லிட்டு அப்பா இனிஷியலோட ஆபீஸ் பேரையும் சேத்துச் சொல்லு, இல்லாட்டி யாரு இதுன்னு அண்ணன் ராத்திரி முழுக்க நோட்ட வச்சுத் தேடுவாரு. வீடு பாத்துக் குடுத்ததுக்கு ஏதாச்சும் செய்யணும்னா ஊருக்குப் போயிட்டு வரப்ப அவங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு எதாச்சும் வாங்கிட்டுப் போ, அது நோட்டுல ஏறாது.

அப்புறம் பன்னெண்டு மணிக்கு முன்னாடியே போயிடு, மதியத்துக்கு மேல கூட்டத்துல கொழம்புதான் மிஞ்சும்.