செட்டிநாட்டு வீட்டில் சோலார் பேனல்: எத்தனை கிலோவாட், எந்தத் திசை?

கேள்வி: காரைக்குடி அருகே எங்கள் பழைய வீட்டில் வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றி நாட்டு ஓட்டுக் கூரையும் முகப்பின் மேல் மட்டும் மொட்டை மாடியும் உள்ளன; இரு மாதத்திற்கு ஏறக்குறைய 700 யூனிட் ஆகிறது. எவ்வளவு சோலார் தேவைப்படும்?

பதில்: வணக்கம் ஐயா. நாளொன்றுக்கு 12 யூனிட் வருகிறது. இங்கு 1 கிலோவாட் சராசரியாக 4 யூனிட் தருமென்பதால் 3 கிலோவாட் போதும், அதற்கு ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும். நம் ஊர் 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், தெற்கு நோக்கி அதே அளவு சாய்த்து வைப்பது நல்லது.

பதில்: நாட்டு ஓட்டின் மேல் பேனல்களைத் தயவுசெய்து ஏற்றாதீர்கள், மொட்டை மாடியிலேயே வையுங்கள். அங்கு தண்ணீர்த் தொட்டி இருந்தால், மார்கழியில் அதன் நிழல் வடக்கே நீளும். அது காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கெல்லாம் விழுகிறதென்று தளத்தில் சுண்ணாம்பால் கோடிட்டுப் பாருங்கள், ஏனெனில் ஒரு பேனலின் மூலையில் விழும் நிழலே வரிசை முழுவதன் உற்பத்தியையும் குறைக்கக்கூடும்.

பதில்: மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமெனில் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை, பேட்டரியின்றி மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு அப்போது நின்றுவிடும்.