எடி கெரேரோ வென்ற இரவு: எங்கள் குடும்பக் குழுவில்

குழு: சோலைவீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு

சரவணன்: (காணொளி இணைப்பு)

சரவணன்: நேற்றிரவு இதை மறுபடி முழுதாகப் பார்த்தேன். 2004 பிப்ரவரி 15, டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தத்தின் நோ வே அவுட் நிகழ்ச்சி. சாம்பியன் ப்ராக் லெஸ்னர், எதிரே எடி கெரேரோ. ஏறக்குறைய அரைமணி நேரப் போட்டி. குழுவில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். முக்கியமாக அருணும் கயலும்.

கயல்: அப்பா, நேற்று ராத்திரி கூடத்தில் கேட்ட கூச்சல் இதுதானா?

சரவணன்: இதேதான்.

பிரியா: எடி கெரேரோ! துள்ளித் துள்ளிக் குதிக்கிற காரில் வந்து இறங்குவாரே, அவர்தானே அண்ணா? டென் ஸ்போர்ட்ஸில் அவர் வந்தால் நான் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிடுவேன்.

அருண்: சித்தப்பா, டபிள்யூடபிள்யூஇ என்றாலே முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு நடத்துவதுதானே? யார் ஜெயிப்பார் என்பது அலுவலகத்தில் முடிவாகிவிடுகிறது. அதில் சாம்பியன் என்ன, சவால் என்ன?

ராமமூர்த்தி: எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு தம்பி. அந்தக் கால மல்யுத்த வீரர்கள் தாரா சிங், கிங் காங் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் கண் விரியக் கேட்டிருக்கிறோம். வளர்ந்த பிறகு அந்த ஆர்வம் போய்விட்டது.

சரவணன்: முடிவு செய்ததுதான் அண்ணா, அதை நான் மறுக்கவே இல்லை. கூத்துப் பார்க்கப் போகிறவர்களுக்குத் துரியோதனன் சாகப் போகிறான் என்று தெரியாதா? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படிச் சாகிறான் என்று பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது.

ராமமூர்த்தி: சரி, அது நியாயமான பேச்சு. சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் போடுகிறேன்.

அருண்: நானும் பார்க்கிறேன். ஆனால் பார்த்துவிட்டு வாதாடுவேன்.

சரவணன்: அதற்காகத்தான் அனுப்பினேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் எடியைத்தான் பார்ப்பீர்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பாதிக் கண்ணையாவது ப்ராக் மேல் வையுங்கள்.

இரவு 8.04

கயல்: ஆரம்பித்துவிட்டேன். அப்பா, இந்த ப்ராக் மனிதர்தானா? கழுத்தே தெரியவில்லை.

சரவணன்: ஆறடி மூன்று அங்குலம், 130 கிலோவை ஒட்டி எடை. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காக விளையாடி, 2000-இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். அது முடிவு எழுதி வைக்காத, நிஜமான மல்யுத்தம். 2002 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் தி ராக் என்ற வீரரை வென்று டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் ஆனபோது வயது 25. அதுவரை அந்தப் பட்டத்தை அவ்வளவு இளம் வயதில் யாரும் வாங்கியதில்லை.

ராமமூர்த்தி: எதிரே இருப்பவர்?

சரவணன்: ஐந்தடி எட்டு அங்குலம், நூறு கிலோ. ரிங்கில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது எடியின் நெற்றி ப்ராக்கின் தாடைக்குக் கீழேதான் நிற்கிறது.

பிரியா: அண்ணா, உயரத்தைவிட அவர் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அந்த அரங்கம் ஏன் அப்படிக் கத்துகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

சரவணன்: சொல்கிறேன். டெக்சாஸின் எல் பாசோ ஊர்க்காரர், மெக்சிகோ வம்சாவளி. அப்பா கோரி கெரேரோ மெக்சிகோவில் பெரிய மல்யுத்த வீரர், அங்கே பெரும் புகழ்பெற்ற முகமூடி வீரர் எல் சாந்தோவுக்கே ஜோடியாக இறங்கியவர். அண்ணன்மார் சாவோ, மாண்டோ, ஹெக்டர் மூவருமே மல்யுத்தக்காரர்கள். வீட்டுக் கொல்லையிலேயே ரிங் இருந்தது. கடைக்குட்டி எடி அதில் விழுந்து எழுந்துதான் வளர்ந்தார். மெக்சிகோ, ஜப்பான் என்று சுற்றிவிட்டு அமெரிக்காவின் பெரிய மேடைகளுக்கு வந்தார். எங்கே போனாலும் "திறமைசாலிதான், ஆனால் ஆள் சின்னவர்" என்ற பேச்சு கூடவே போனது.

சரவணன்: 1999 ஜனவரி 1 அன்று பெரிய கார் விபத்து, காரிலிருந்து வெளியே தூக்கி எறியப்பட்டார். பிழைத்ததே பெரிது. குடியும் வலிமாத்திரையும் பிடித்துக்கொண்டன. 2001 நவம்பரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானார். கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. குடும்பமும் பிரிந்து நின்றது. அவர் குடியை விட்டார், சின்னச் சின்ன அரங்குகளில் மல்யுத்தம் செய்தார், 2002-இல் திரும்ப அழைக்கப்பட்டார். மனைவியோடும் சேர்ந்தார். அதிலிருந்து இரண்டே ஆண்டில் இந்த மேடை.

ராமமூர்த்தி: இதெல்லாம் கதைக்காகச் சொன்னதா, நிஜமா?

பிரியா: நிஜம் அண்ணா. அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

சரவணன்: இந்தப் போட்டிக்கு முந்தைய வாரங்களில் ப்ராக் அந்தப் போதைப் பழக்கத்தைச் சொல்லியே அவரைச் சீண்டுவார். கதைக்குள் நிஜத்தை இழுத்துவிட்டார்கள். அதனால் அன்று கூடியிருந்தவர்களுக்கு எது நடிப்பு, எது வாழ்க்கை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

இரவு 8.17

கயல்: ஐயோ, எடியைத் துணி மூட்டை மாதிரி தூக்கிப் போடுகிறார். அதுவும் சிரித்துக்கொண்டே.

சரவணன்: அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொள். பத்து நிமிடம் கழித்து அது எங்கே போயிற்று என்று தேடு.

ராமமூர்த்தி: விழுவது வலிக்குமா வலிக்காதா? பஞ்சு மெத்தை போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

சரவணன்: கீழே இரும்பு உத்தரங்கள், மேலே பலகைகள், அதன்மேல் மெல்லிய நுரை, எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய கான்வாஸ். அவ்வளவுதான் அண்ணா. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். இரண்டு கைகளாலும் தரையை ஓங்கி அடித்து வேகத்தைச் சிதறடிப்பார்கள். வலி குறையும், போகாது.

பிரியா: மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வாரத்தில் பல நாள் இப்படி விழுந்தால் எந்த முதுகெலும்பும் பதில் கேட்கும். வலிமாத்திரை எங்கிருந்து தொடங்குகிறது என்று இதைப் பார்த்தாலே தெரிகிறது.

அருண்: சித்தப்பா, இப்போது எடி அவருடைய காலையே பிடித்துக்கொண்டிருக்கிறார். தூக்க முடியாததால்தானே?

சரவணன்: அதேதான் அருண். 130 கிலோவைத் தூக்கிப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். காலை முடக்கினால் நம்புவார்கள். கால் வலித்தால் ப்ராக்கால் தூக்க முடியாது. தூக்க முடியாவிட்டால், எதிராளியைத் தோளில் தூக்கிச் சுழற்றி வீசுகிற அவருடைய எஃப்-5 பிடி பாதியாகிவிடுகிறது. இப்போது ப்ராக்கைப் பார். நொண்டுகிறார். ஒருமுறை நொண்டிவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லை, நிமிடத்துக்கு நிமிடம் அந்தக் காலை நினைவில் வைத்துக்கொண்டு நடக்கிறார். இதற்காகத்தான் பாதிக் கண்ணை அவர் மேல் வைக்கச் சொன்னேன்.

கயல்: சிரிப்பு போய்விட்டது அப்பா!

சரவணன்: பார்த்தாயா!

ராமமூர்த்தி: கூட்டம் முழுக்க "எடி, எடி" என்கிறதே. அவருடைய சொந்த ஊரா?

சரவணன்: இல்லை அண்ணா. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் இருக்கிற கௌ பேலஸ் அரங்கம். 1941-இல் திறந்தது, கால்நடைக் கண்காட்சிகளுக்குப் பேர்போனது. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி மக்கள் ஏராளம். தங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் அந்த சாம்பியன் பெல்ட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் நிற்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

இரவு 8.31

அருண்: நடுவர் விழுந்துவிட்டார். இப்போது யாரோ ஒரு மொட்டைத்தலை ஆள் உள்ளே வருகிறார்!

பிரியா: கோல்ட்பர்க்! அவரும் ஒரு மல்யுத்த வீரர்தான்.

அருண்: ஓடிவந்து ப்ராக்கை இடித்துத் தள்ளிவிட்டார். போச்சு. சித்தப்பா, இதைத்தான் நான் சொன்னேன். சின்னவர் பெரியவரை வெல்கிறார் என்று அரைமணி நேரம் கட்டிவிட்டு, கடைசியில் வேறொருவர் வந்து உதவுகிறாரே. இது எப்படி எடியின் வெற்றி?

சரவணன்: நிறுத்தாதே, பார். எதிராளியின் தோள்கள் தரையில் இருக்க நடுவர் மூன்று எண்ணினால்தான் வெற்றி. எண்ணிக்கை என்ன ஆகிறது?

கயல்: ஒன்று, இரண்டு… ப்ராக் எழுந்துவிட்டார்!!

பிரியா: இந்த இடத்தில் அன்றைக்கு நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், இனி வாய்ப்பே இல்லை என்று நினைத்தேன்.

கயல்: பெல்ட்டை எடி கையில் எடுக்கிறார். ப்ராக் அவரைத் தோளில் தூக்கிவிட்டார். ஐயோ. அப்பா. அப்பா!

கயல்: சுழன்று இறங்கி அவர் தலையைப் பெல்ட்டின் மேலேயே மோத வைத்துவிட்டார்!!

ராமமூர்த்தி: மூலைக் கம்பத்தில் ஏறுகிறார்.

ராமமூர்த்தி: குதித்தார்.

ராமமூர்த்தி: மூன்று எண்ணியாகிவிட்டது.

பிரியா: இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் கண் கலங்குகிறது.

கயல்: கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்துவிட்டார் அப்பா! எல்லோரும் அவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சரவணன்: அந்தக் கடைசித் தாவலுக்கு ஃப்ராக் ஸ்பிளாஷ் என்று பெயர். காற்றில் உடம்பை ஒருமுறை மடக்கி விரிப்பார், கவனித்தீர்களா? மெக்சிகோவில் அவருடைய ஜோடியாக இருந்த ஆர்ட் பார் செய்தது அது. 1994-இல் அவர் இறந்துபோனார். நண்பனின் நினைவாக எடி அதைத் தனதாக்கிக்கொண்டார். வாழ்க்கையின் மிகப்பெரிய வெற்றியையும் அதை வைத்தே முடித்தார்.

இரவு 8.46

அருண்: சரி, இப்போது வாதாடலாமா?

சரவணன்: வா.

அருண்: கோல்ட்பர்க் வராவிட்டால் எடி தோற்றிருப்பார். சின்னவருடைய வெற்றியில் ஒரு கறை விழுந்துவிட்டது. நான் எழுதியிருந்தால் அவரை வரவே விட்டிருக்க மாட்டேன்.

சரவணன்: கோல்ட்பர்க் வந்ததற்குக் கணக்கு வேறு. அதற்கு முந்தைய மாதம் ராயல் ரம்பிள் போட்டியில் அவர் வெளியேற ப்ராக்தான் காரணம். வருடத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் இருவரும் மோத வேண்டும், அதற்கு இங்கே விதை போட்டார்கள். அந்த வியாபாரக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் அதை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று பார். கோல்ட்பர்க் ஓடிவந்து இடித்த அந்த ஸ்பியரோடு போட்டி முடிந்திருந்தால் உன் வாதம் சரி. முடியவில்லையே! ப்ராக் இரண்டிலேயே எழுந்துவிட்டார். வந்த உதவி தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு எஃப்-5 பிடியில் சிக்கியதும், அதிலிருந்து நழுவியதும், பெல்ட் கிடந்த இடத்தில் தலையை இறக்கியதும், ஏறிக் குதித்ததும் முழுக்க எடிதான்.

அருண்: பெல்ட்டின் மேல் மோத வைத்ததும் குறுக்குவழிதானே?

பிரியா: அருண், அவருடைய வேடமே அதுதான்! பொய் சொல்வேன், ஏமாற்றுவேன், திருடுவேன் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். அதையும் மீறி மக்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பலம் இல்லாதவனுக்குத் தந்திரம்தான் துணை என்று ஊரே ஒப்புக்கொண்டது.

ராமமூர்த்தி: நான் சரவணன் பக்கம். அந்த இரண்டாவது எண்ணிக்கையில் எழுந்தது நல்ல வேலை. அங்கே எழாமல் கிடந்திருந்தால் நானே தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டிருப்பேன்.

அருண்: அப்பா, நீங்களுமா!

ராமமூர்த்தி: பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

சரவணன்: எனக்கு ப்ராக் மேல் பெரிய மரியாதை. பெரிய உடம்புக்காரர்கள் பலர் சின்னவரிடம் தோற்க வேண்டி வந்தால் ஏதோ கால் தடுக்கி விழுந்ததுபோலத் தோற்பார்கள். ப்ராக் அரைமணி நேரத்தில் படிப்படியாகத் தோற்றார். முதலில் ஏளனம், பிறகு எரிச்சல், பிறகு கால் வலி, பிறகு பயம். அந்தப் பயத்தைக் கண்ணில் கொண்டுவந்தாரே, அதனால்தான் எடி ஜெயிக்க முடியும் என்று கடைசி வரிசையில் இருந்தவனும் நம்பினான். அடுத்த மாதமே, 2004 மார்ச் 14 ரெசில்மேனியாவோடு அவர் கம்பெனியை விட்டு விலகிவிட்டார். கிளம்பப் போகிற மனிதர் அரைமனதாகச் செய்திருக்கலாம். செய்யவில்லை.

கயல்: விலகி எங்கே போனார்?

சரவணன்: அமெரிக்கக் கால்பந்துக்கு முயன்றார். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் இடம் கிடைக்கவில்லை. பிறகு நிஜச் சண்டைக்குப் போய், 2008 நவம்பரில் ராண்டி கூட்டூரை வீழ்த்தி யுஎஃப்சி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அப்படிப்பட்ட ஒருவர்தான் அன்று எடிக்குக் கீழே மூன்று எண்ணும்வரை படுத்துக் கிடந்தார்.

ராமமூர்த்தி: எடி இப்போது என்ன செய்கிறார்?

பிரியா: இல்லை அண்ணா. 2005 நவம்பர் 13 அன்று மினியாபொலிஸில் விடுதி அறையில் இறந்துபோனார். 38 வயது. இதயம்தான் காரணம். குடியையும் மாத்திரையையும் விட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. பழைய சேதத்தை உடம்பு மறக்கவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

ராமமூர்த்தி: அடடா. அப்பா காலத்து தாரா சிங் எண்பதைத் தாண்டியும் இருந்தார்.

சரவணன்: பெல்ட் அவரிடம் நாலு மாதத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இருந்தது அண்ணா, ஜூன் 27-இல் ஜேபிஎல் என்ற வீரரிடம் போய்விட்டது. ஆனால் அந்த நாலு மாதத்தில் ஒரு போட்டி இருக்கிறது. இதே மாதிரி எட்டு மணிக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் சேர்ந்து பார்க்கலாமா?

அருண்: எது?

சரவணன்: ரெசில்மேனியா 20, மாடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே கர்ட் ஆங்கிள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நிஜமாகவே தங்கம் வாங்கியவர். கணுக்காலைப் பிடித்துத் திருகினால் விடவே மாட்டார்.

அருண்: வெளியாட்கள் யாராவது உள்ளே வருவார்களா?

சரவணன்: யாரும் வர மாட்டார்கள். நீ எடியின் பூட்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிரு.

கயல்: ஏன் அப்பா, பூட்ஸில் என்ன இருக்கிறது?

பிரியா: அண்ணா, சொல்லிவிடாதீர்கள்!

சரவணன்: சொல்ல மாட்டேன்.