28 வருஷமா பாவசங்கீர்த்தனம் செய்யல, ஆபரேஷனுக்கு முன்னாடி எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை) கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெரியப்பாவுக்காகக் கேக்கறேன், அவரே கேட்டு எழுதச் சொன்னதுதான். வயசு 68. அடுத்த மாசம் வேலூர்ல இருதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் (குருகிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கறது) செஞ்சி நன்மை (பூசையில கொடுக்கிற அப்பம்) வாங்கணும்னு ஆசைப்படறார். கடைசியா செஞ்சி 28 வருஷம் ஆகுது.

அவருக்கு இருக்கிற தடைகள்: இத்தனை வருஷத்துப் பாவத்தை எப்படிக் கணக்கு சொல்றதுன்னு தெரியல. கல்யாணம் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) கோயில்ல நடந்தது, நம்ம கத்தோலிக்கப் பக்கம் எந்த அனுமதியும் வாங்கல. அதனால சபை விலக்கு ஆயிட்டோம், சாமியார் மன்னிப்பே கொடுக்க மாட்டார்னு நெனச்சிட்டிருக்கார். பெரியம்மா இன்னும் சி.எஸ்.ஐ. தான், மாற விருப்பம் இல்ல. பெரியப்பாவுக்குக் காது சரியா கேக்காது, மெதுவா பேசினா புரியாது. சொந்தப் பங்குச் சாமியார்கிட்ட போகவும் கூச்சப்படறார். போன்ல செய்யலாமான்னும் கேக்கறார்.

உபதேசியார்_ஆரணி:

மொதல்ல போன் விஷயம். போன்ல, வாட்ஸ்அப்ல, வீடியோ கால்ல பாவமன்னிப்பு கிடையாது. குருவும் பாவம் சொல்றவரும் நேர்ல இருக்கணும். ஆலோசனை கேக்க, நேரம் குறிக்க மட்டும் போன் பண்ணலாம்.

சின்ன வயசுல ஞானோபதேசத்துல படிச்ச அஞ்சு காரியம் இன்னிக்கும் அதேதான்: பாவங்களை நினைச்சிப் பார்க்கிறது, மனஸ்தாபப்படறது (செஞ்சதுக்காக மனசார வருந்தறது), இனி செய்யறதில்லன்னு தீர்மானம், குருகிட்ட சொல்றது, பரிகாரமா அவர் கொடுக்கிற அபராதத்தை (ஜெபம் மாதிரி) தீர்க்கிறது. ரொம்ப வருஷம் கழிச்சி வர்றவங்க பெரும்பாலும் தடுமாறறது முதல் காரியத்துல. 28 வருஷத்தையும் நாள் நாளா தோண்டி எடுக்கப் பார்ப்பாங்க, முடியாது, பயந்து திரும்பிடுவாங்க. கண்டிப்பா சொல்ல வேண்டியது சாவான பாவங்கள். அதாவது கனமான காரியம், அது பாவம்னு முழுசா தெரியும், முழுச் சம்மதத்தோட செஞ்சது, இந்த மூணும் சேர்ந்தது. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் அது சாவான பாவம் ஆகாது. அற்பப் பாவங்களைச் சொல்றது நல்லது, ஆனா கட்டாயம் இல்ல.

சாவான பாவத்துக்கு வகையும் எண்ணிக்கையும் சொல்லணும். துல்லியமான எண் தெரியலன்னா எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை, எத்தனை வருஷம்னு சொன்னா போதும். “28 வருஷமா ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒழுங்கா போகல, கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு மட்டும் போனேன்”, இது முழுமையான வாக்கியம். யார்கூட, எந்த ஊர்ல, எதனாலன்னு கதை வேணாம். பாவத்தோட கனம் மாறுதுன்னா மட்டும் அந்தச் சூழ்நிலையைச் சொல்லணும். திருடினது கோயில் உண்டியல்ல இருந்துன்னா அதைச் சொல்லணும், பீரோ பச்சைக் கலரா நீலக் கலரான்னு சொல்ல வேண்டாம்.

பெரியம்மா சி.எஸ்.ஐ.ன்னு சொன்னதால ஒண்ணு. வீட்ல இருக்கிற அவங்க ஜெபப் புஸ்தகத்தை வெச்சி பத்துக் கட்டளையைப் பார்த்து ஆத்தும சோதனை (செஞ்ச பாவங்களை நினைச்சிப் பார்க்கிறது) செஞ்சார்னா, நம்பர் மாறும். நமக்கு விபசாரம் ஆறாம் கட்டளை, களவு ஏழாம் கட்டளை. அவங்க கணக்குல அது ஏழு, இது எட்டு. “ஏழாம் கட்டளையை மீறினேன்”னு மட்டும் சொல்லிட்டு வந்தா சாமியார் ஒண்ணு புரிஞ்சிப்பார், சொன்னவர் வேற ஒண்ணு நெனச்சிருப்பார். நம்பரை விட்டுட்டு பாவத்தைப் பேர் சொல்லிச் சொல்லச் சொல்லுங்க.

உண்மையா மறந்து போனது இருந்தா, அதுவும் மன்னிக்கப்பட்டாச்சு. பின்னாடி ஞாபகம் வந்தா அடுத்த தடவை சொல்லிடணும், அதுவரைக்கும் நன்மை வாங்கத் தடையில்ல. ஆனா ஒரு சாவான பாவத்தை வெக்கப்பட்டு வேணும்னே மறைச்சா அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுசுமே செல்லாது. மறைச்சது மட்டும் நிக்கும், மத்தது மன்னிப்பாயிடும்னு பல பேர் நெனைக்கிறாங்க, அது தப்பு. மறுபடி எல்லாத்தையும் சொல்லணும்.

உள்ள போனதும் முதல் வார்த்தையா “28 வருஷம் ஆச்சு சாமி, நீங்க கேட்டு உதவி பண்ணுங்க”ன்னு சொன்னாலே பாதி வேலை முடிஞ்சது. கேள்வி கேட்டுக் கூட்டிட்டுப் போறது அவர் பொறுப்பு. மனஸ்தாப மந்திரம் மறந்து போயிருந்தா சீட்டுல எழுதி வெச்சிப் படிக்கலாம், இல்லன்னா சொந்த வார்த்தையில சொல்லலாம்.

சின்ன_அல்லாபுரம்:

இவ்வளவு சிக்கல் எதுக்கு? உத்தம மனஸ்தாபம் பட்டா கடவுள் நேரடியா மன்னிக்கிறார்னு திருச்சபையே சொல்லுதே. வயசானவரை அலைய விடணுமா?

உபதேசியார்_ஆரணி:

சொல்லுது தம்பி, ஆனா பாதியை விட்டுட்டீங்க. கடவுள் மேல உள்ள அன்பினால வர்ற உத்தம மனஸ்தாபம் சாவான பாவத்தையும் மன்னிக்கும், “கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன்”கிற உறுதி அதுல இருந்தாதான். நடுராத்திரி மூச்சு முட்டி ஆம்புலன்ஸ்ல போறவருக்கு அது பெரிய வரம். அதனால இன்னிக்கே அந்த மந்திரத்தைச் சொல்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஆனா சாமியார் கூப்பிடு தூரத்துல இருக்கும்போது அதைச் சாக்கா வெச்சி போகாம இருந்தா, அந்த உறுதியே இல்லன்னுதான் அர்த்தம். யோவான் 20:23-ல ஆண்டவர் மன்னிக்கிற அதிகாரத்தைச் சீடர்கள் கையில கொடுத்தார். அதைத் தாண்டிப் போக நமக்கு வேற குறுக்கு வழி இல்ல.

திருச்சட்டம்_வேலூர்:

திருமண விஷயம்தான் இதில் நேரம் பிடிக்கும். முதலில் அதைத் தொடங்குங்கள்.

அவர் சபை விலக்கில் இல்லை. வேறு சபைப் போதகர் முன் மணம் முடித்தால் விலக்கு என்பது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது. கலப்புத் திருமணம் பற்றி 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட மடல் அந்தத் தண்டனைகளை நீக்கிவிட்டது. பழைய ஆட்கள் சொல்லக் கேட்டு இன்னும் பல குடும்பங்கள் இந்தப் பயத்தோடு ஒதுங்கியிருப்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஆனால் பிரச்சனை இல்லாமல் இல்லை. கத்தோலிக்கர் ஒருவர், குருவும் இரண்டு சாட்சிகளும் இருக்கும் திருச்சபை முறைப்படி மணமுடிக்க வேண்டும், அல்லது ஆயரிடம் (பிஷப்) அந்த முறையிலிருந்து விலக்கு பெற வேண்டும். இரண்டும் இல்லாததால் அந்தத் திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லுபடியாகவில்லை. அதைச் சரிசெய்யாமலே விட்டுவிட்டு மன்னிப்பு மட்டும் கேட்டால், “இனி செய்வதில்லை” என்ற தீர்மானம் அங்கே இடிக்கும்.

வழி இரண்டு. ஒன்று, பங்குத்தந்தை வழியாக ஆயரிடம் கலப்புத் திருமண அனுமதி வாங்கி, குருவின் முன் இரண்டு சாட்சிகளோடு சம்மதத்தைப் புதிதாகச் சொல்வது. மண்டபம், மாலை, அழைப்பிதழ் எதுவும் தேவையில்லை, மாலை நேரத்தில் கோயிலில் கால் மணி நேரத்தில் முடியும். பெரியம்மா சபை மாற வேண்டியதில்லை. அவருடைய ஞானஸ்நானம் தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டது என்பதால் மறுபடி கொடுக்கவும் மாட்டார்கள். தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளுக்காக முடிந்ததைச் செய்வேன் என்ற வாக்குறுதி பெரியப்பா கொடுப்பது. பெரியம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது, “நாங்கள் முறையாகத்தானே மணமுடித்தோம், ஏன் மறுபடி சொல்ல வேண்டும்?” என்று பெரியம்மா வருத்தப்பட்டால். அந்த வருத்தம் நியாயமானதுதான், சி.எஸ்.ஐ. குடும்பங்களில் இது மரியாதைப் பிரச்சனையாகிவிடும். அப்போது மறைமாவட்ட ஆயர் அந்தத் திருமணத்தை வேரிலிருந்தே செல்லுபடியாக்கலாம். இப்போதைய திருச்சபைச் சட்டத்தில் எண்கள் 1161 முதல் 1165 வரை. பழைய சம்மதம் இன்றும் நிலைத்திருந்தால் போதும், மறுபடி சொல்ல வேண்டியதில்லை. அதன் சட்ட விளைவுகள் கல்யாண நாளிலிருந்தே கணக்காகும். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் “வேரிலிருந்தே செல்லுபடியாக்குதல்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்குள் காகிதம் வரவில்லை, உடல்நிலை திடீரென்று மோசமாகிறது என்றால்? மரண ஆபத்தில், ஆயரை அணுக நேரமில்லாத நிலையில் பங்குத்தந்தையே திருமண முறையிலிருந்து விலக்கு அளிக்கலாம் (1079). ஆகவே யாரும் பீதியடைய வேண்டாம். இருந்தாலும் ஒரு மாதம் இருக்கும்போது இந்த வாரமே போவது நல்லது.

ஜெபமாலை_காட்பாடி:

காது கேக்காததுக்கு: பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் சாமியார் பேசறது கேக்காது, இவர் சத்தமா பேசுவார், வரிசையில நிக்கிறவங்க காதுல விழும், அதோட கூச்சம் இரட்டிப்பாகும். பூசைக்கு அரை மணி முன்னாடி அவசரமா கேக்கிற நேரமும் வேணாம். முன்கூட்டியே சொல்லி, கதவு சாத்தின அறையில எதிரெதிரா உக்கார வையுங்க. எழுதிக் கொடுக்கலாம். ஒரு பக்கம் போதும், பெரிய எழுத்துல. சாமியார் படிப்பார், கேக்க வேண்டியதை அதே தாள்ல எழுதிக் கேப்பார். முடிஞ்சதும் அந்தத் தாளை அங்கேயே கிழிச்சிடணும், சட்டைப் பையில வெச்சி வீட்டுக்கு எடுத்துட்டு வரக் கூடாது. நீங்க அவருக்காக எழுத உதவினா, அதுல பார்த்ததை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டமே உங்களையும் கட்டுது.

சொந்தப் பங்குச் சாமியார்கிட்டதான் போகணும்னு இல்ல. அதிகாரம் பெற்ற எந்தக் குருகிட்டயும் போகலாம். வேலூர்ல விண்ணேற்பு அன்னை பேராலயம் இருக்கு, காந்தி நகர்ல டான் போஸ்கோ சாமிமார் இருக்காங்க. கொஞ்சம் தூரம் பரவாயில்லன்னா சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில். கல்யாணக் காகிதத்துக்கு மட்டும் பங்குத்தந்தை வேணும்.

ஆபரேஷனுக்கு: கடுமையான வியாதிக்காக ஆபரேஷன்னா அதுக்கு முன்னாடியே நோயில்பூசுதல் (நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசி ஜெபிக்கிறது) வாங்கலாம். சாகப் போறவங்களுக்கு மட்டும்தான் எண்ணெய் பூசுவாங்கன்னு பயந்து, தியேட்டர்ல இருந்து ஐ.சி.யு.வுக்கு வந்தப்புறம் ஓடற குடும்பங்கள் இன்னும் உண்டு. வாயில டியூப் போட்டப்புறம் எப்படிப் பாவசங்கீர்த்தனம் சொல்றது? வரிசை இதுதான்: முதல்ல பாவசங்கீர்த்தனம், அப்புறம் நோயில்பூசுதல், அப்புறம் நன்மை. அட்மிஷன் ஆகறதுக்கு முந்தின நாட்கள்லயே வீட்ல வெச்சி முடிக்கிறது நல்லது. வார்டுன்னா திரைச்சீலை ஒண்ணுதான் மறைப்பு, பக்கத்துப் பெட் காரங்க அட்டெண்டர் வரைக்கும் கேப்பாங்க. நன்மைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சாப்பிடாம இருக்கிற கட்டுப்பாடு நோயாளிக்கும் கூட இருந்து பார்த்துக்கிறவங்களுக்கும் இல்ல. ஆனா டாக்டர் வெறும் வயித்துல இருக்கணும்னு சொன்ன நேரத்துல நர்ஸைக் கேக்காம அப்பத்தைக் கொடுக்காதீங்க.

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படிச்சிக் காட்டினேன். இன்னொண்ணும் எழுதச் சொன்னார். தோல் கம்பெனியில மேஸ்திரியா இருந்தப்போ, காண்ட்ராக்ட் ஆளுங்க வாரக் கூலியில கொஞ்சம் கொஞ்சம் பிடிச்சி வெச்சிக்கிட்டாராம். பல வருஷம். அதுக்கும் அபராத ஜெபம் சொன்னா சரியாயிடுமா? அந்த ஆளுங்களைத் தேடிப்போய் ஒத்துக்கணுமா?

உபதேசியார்_ஆரணி:

ஜெபம் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணும், ஏழாம் கட்டளையில இது தனிக் கடமை. மன்னிப்பு கிடைச்சப்புறமும் கடன் நிக்கும். கூலிக்காரன் காசுங்கறதால இது கனமான காரியம்தான், அதை மழுப்பாம சொல்லணும்.

ஆனா தன்னைக் காட்டிக் கொடுத்துக்க வேண்டிய அவசியம் இல்ல. வாரத்துக்குத் தலைக்கு எவ்வளவு, ஏறக்குறைய எத்தனை பேர், எத்தனை வருஷம்னு ஒரு நேர்மையான மதிப்பு போடட்டும். பேர் தெரிஞ்சவங்களுக்கு ஏதாவது ஒரு வழியில காசு போய்ச் சேரணும். சாமியார் சம்மதிச்சா அவர் மூலமாவே பேர் சொல்லாம அனுப்பலாம். ஆள் இறந்திருந்தா பெண்டாட்டி பிள்ளைங்களுக்கு. யாருன்னே கண்டுபிடிக்க முடியாதவங்க பங்கை ஏழைகளுக்கு, பங்குல இருக்கிற வின்சென்ட் தே பவுல் சபை மாதிரி இடத்துல கொடுக்கலாம். கண்டுபிடிக்க முடியும்போதே சுலபமா இருக்குன்னு ஏழைகளுக்குப் போட்டுடறது செல்லாது. ஆபரேஷன் செலவு இருக்கிற நேரம், மொத்தமா முடியலன்னா தவணையா கொடுக்கலாம். கொடுப்பேங்கிற உண்மையான தீர்மானம் இருந்தா மன்னிப்புக்குக் காத்திருக்க வேணாம். ஆபத்து வரலாங்கறதால யாருக்கு எவ்வளவுன்னு எழுதி, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுத்து வெக்கட்டும்.

கம்பெனி முதலாளி காதுக்கோ பங்கு மக்கள் காதுக்கோ போயிடும்கிற பயமும் வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளிய சொல்லக் கூடாதுங்கற முத்திரையை நேரடியா உடைக்கிற குரு அந்த நிமிஷமே சபை விலக்குக்குள்ளாவார், அதை நீக்கற அதிகாரம் ரோமாபுரிக்கு மட்டும்தான். கேட்டதை வெச்சி பெரியப்பாவுக்குப் பாதகமா, வெளிய தெரியாத மாதிரிகூட, எதுவும் செய்யக் கூடாது.

திருச்சட்டம்_வேலூர்:

காகிதம் பற்றி ஒரு வரி விட்டுவிட்டேன். பெரியப்பாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்குள். பெட்டியில் இருக்கும் பழைய பிரதி உதவாது. பிறந்த ஊர் இப்போது தனிப் பங்காகப் பிரிந்திருந்தால் அவருடைய பெயர் அங்கே இருக்காது, அப்போதைய தாய்ப்பங்கின் பதிவேட்டில்தான் இருக்கும். பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதிக்கொண்டு போங்கள். சி.எஸ்.ஐ. கோயிலில் கொடுத்த திருமணச் சான்றிதழ் நகலையும், பெரியம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழையும் அதோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.