முயல் குட்டியின் கோணிய தாடை: பல்லை வெட்டிவிடலாமா?

மன்னார்குடி வளர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். கொல்லையில் நான்கு ஆண்டுகளாக நியூசிலாந்து வெள்ளை முயல்களை வளர்த்து வருகிறேன். இந்த ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்றுக்கு மூக்கு இடப்புறமாகக் கோணியிருப்பதை அது கண் திறந்த நாளிலேயே கவனித்தேன். ஐந்து வாரமான இப்போது அதன் கீழ் முன்பற்கள் மேற்பற்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மற்றக் குட்டிகள் அகத்தியைக் காம்போடு கத்தரித்துத் தின்னும்போது, இது இலையை வாயில் வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது. மோவாய் முடி எச்சிலில் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள்களாக இடக்கண்ணிலும் நீர் வடிகிறது. நகவெட்டியால் பல்லை வெட்டிவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா?

கும்பகோணம் வளர்ப்பாளர்:
தயவுசெய்து நகவெட்டியைத் தொடாதீர்கள், ஐயா. என் பண்ணையில் நான் அப்படி வெட்டியபோது பல் நெடுக்காகப் பிளந்து, சில வாரங்களில் தாடையில் சீழ்க்கட்டி வந்தது. அந்தக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது. இந்த ஈற்றின் தாயும் தகப்பனும் ஒரே வழியில் வந்தவைதானா என்பதையும் சொல்லுங்கள்.

மன்னார்குடி வளர்ப்பாளர்:
ஆம், இரண்டும் ஒரே தாயின் குட்டிகள். வெளியிலிருந்து கிடா வாங்காமல் விட்டுவிட்டேன்.

தஞ்சாவூர் கால்நடை மருத்துவர்:
கூண்டுக் கம்பியைக் கடித்தோ விழுந்து அடிபட்டோ பல் கோணுவதும் உண்டு. ஆனால் கண் திறக்கும்போதே மூக்கு கோணியிருந்து, பெற்றோரும் உடன்பிறந்தவையாக இருந்தால், பரம்பரைக் குறையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீள்வதால், ஒன்றோடொன்று உரசித் தேயாத பற்கள் சில வாரங்களிலேயே உதட்டையும் அண்ணத்தையும் குத்தத் தொடங்கிவிடும். மேல் முன்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை ஒட்டியிருப்பதால், கண்ணில் நீர் வடிவதற்கும் பல்லே காரணமாக இருக்கலாம்.

பல்லைச் சுழலும் கருவியால் மருத்துவர்தான் அறுத்துச் சீராக்க வேண்டும். அதையும் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். குட்டி வளர்ந்து உடல் தேறியபின் முன்பற்களை அகற்றிவிடுவது நிலையான தீர்வு. பொடியாக நறுக்கிக் கொடுத்தால், முன்பல் இல்லாத முயல் உதட்டால் கவ்விக் கடைவாயில் நன்றாகவே மென்றுவிடும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தொலைவுதான். குட்டியை நாளைக்கே கொண்டுசெல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டு அமாக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மட்டும் வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, கழிச்சலில் முயல் இறந்துபோகக்கூடும். அரை நாளுக்கு மேல் அது எதையும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அவசரமாகக் கருதுங்கள்.

இந்தக் குறை ஒடுங்கிய மரபணுவால் (தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குறையாக வெளிப்படுவது) வருவதானால் தாயும் தகப்பனும் அதைச் சுமப்பவையே. பல் நேராக உள்ள மற்ற ஆறு குட்டிகளும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு அதைச் சுமக்க வாய்ப்புண்டு. ஆகவே அவற்றை இறைச்சிக்கோ வளர்ப்புக்கோ கொடுங்கள், இனப்பெருக்கத்துக்கு விற்காதீர்கள்.

மன்னார்குடி வளர்ப்பாளர்:
மிக்க நன்றி, ஐயா. தாயையும் கிடாவையும் இன்றே தனித்தனிக் கூண்டில் பிரித்துவிட்டேன். வேலிமசாலைப் பொடியாக நறுக்கி வைத்ததும் குட்டி மெதுவாகத் தின்கிறது. காலையில் ஒரத்தநாட்டுக்குப் புறப்படுகிறேன்.