சேக்காளிகளுக்கு மடக்குக் கத்தி வாங்கிக் குடுத்த கதை, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கல்லிடை அப்பளம்:
ஆனித் தேரோட்டத்துக்கு ஊர்ல கூடுற சேக்காளிகள் நாலு பேருக்கு இந்தத் தடவ ஓப்பினெல் எட்டாம் நம்பர் மடக்குக் கத்தி வாங்கிட்டுப் போனேன். பிரான்ஸ்ல சவோய் மலைப்பக்கம் 1890-லேர்ந்து செய்யுதாவ. பீச் (beech) மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு. ஒண்ணு ஒரு நல்ல சட்டை விலைதான். நம்ம திருநெல்வேலின்னாலே அருவான்னு சினிமாக்காரன் பேர் வாங்கிக் குடுத்துட்டான். அதுல நான் வேற நாலு கத்தியத் தூக்கிட்டுப் போறேன்.

நடையிலயே ஆச்சி மறிச்சுட்டா. "கத்திய யாரு கையிலயும் குடுக்காதல, ஒறவு அறுந்துரும். கீழ வையி, அவனுவளே எடுத்துக்கிடட்டும்." பிரான்ஸ்காரனும் இதுக்குப் பயப்படுதான். கத்தி குடுத்தா ஒரு சின்ன நாணயம் திருப்பி வாங்கிக்கிடுவானாம், வித்த கணக்காப் போயிரும். ரெண்டு சாஸ்திரத்தையும் சேத்து, வாகையடி முக்குல ஒரு காப்பிக்கடை மேசையில வரிசையா வச்சு, ஆளுக்கு ஒரு ரூவா கேட்டேன். அலகுல கிரீடம் வச்ச கை முத்திரை இருக்கும். அதப் பாத்துட்டு ஒருத்தன், "கை சின்னம் போட்டிருக்கே, எந்த எலெக்‌ஷனுக்குவே இது?"ங்கான்.

ஒரு மாசம் கழிச்சு இன்னொருத்தன் போன்ல ஏசுதான். "துருப்பிடிச்ச கத்தியத் தலையில கட்டிட்டியேல!" மாங்கா அரிஞ்சிட்டு அப்படியே மடக்கிப் பையில போட்டிருக்கான். அது கார்பன் இரும்பு, புளிப்பு பட்டா கறுக்கத்தான் செய்யும். அந்தக் கறுப்பு துரு இல்ல. ஆனா ஈரத்தோட மடக்கி வச்சா பின்னாலயே நெசத் துருவும் வந்துரும். தொடச்சு ஒரு சொட்டு தேங்கா எண்ண தடவணும்னு நான் சொல்லியிருக்கணும். இல்ல, அவன் சோம்பேறித்தனம் தெரிஞ்சு அதே கத்தில எவர்சில்வர் அலகா வாங்கியிருக்கணும். தப்பு என்னுது.

சாரல் கிறுக்கன்:
தென்காசிப் பக்கம் குடுக்கறதா இருந்தா மரப்பிடிய ரெண்டு தடவ யோசிங்க. என் ஓப்பினெல் சாரல்ல ரெண்டு நாள் சட்டைப்பையில கெடந்துச்சு, மரம் ஊதி அலகக் கவ்விக்கிடுச்சு. நகம் பேந்ததுதான் மிச்சம். பிடியோட குண்டியை மேசையில 'டொக்'குனு ஒரு தட்டு தட்டினா அலகு தலை நீட்டும். சவோய்க்காரன் வித்தையே அதானாம். தெரியாம குறடு போட்டு இழுத்து அலகுல வடு போட்டுட்டேன்.

வாழைத்தோப்பு மருமகன்:
நான் மாமாவுக்குக் குடுத்தது ஹிகோனோகாமி. ஜப்பான்ல மிக்கிங்குற ஊர்ச் சரக்கு. பித்தளைத் தகட்ட மடிச்சதுதான் பிடி. பூட்டு கிடையாது, பின்னால நீட்டிட்டு இருக்கற வாலப் பெருவிரலால அமுக்கியே பிடிக்கணும். வாழ நாரு கிழிக்க அம்சமா இருக்குன்னு ஊரெல்லாம் காட்டினாவ. நாலாம் நாள் வெரல்ல கட்டோட நிக்காவ. "மருமகன் நல்லாத்தான் தீட்டிக் குடுத்திருக்காரு"ன்னு அத்தகிட்ட பெருமை வேற. எனக்குத்தான் மனசு கேக்கல.

தாமிரபரணித் தண்ணி:
விமானத்துல வாரவனுக்குக் குடுத்தா, செக்-இன் பெட்டியில போட்டு அனுப்பிரச் சொல்லுங்க. என் சேக்காளி கைப்பையில வச்சுட்டான். சோதனையில எடுத்து வச்சுக்கிட்டாவ, போச்சு. ராம்பூர்க் கத்தி வாங்கலாமான்னு வேற ஒருத்தன் கேட்டான். பட்டனத் தட்டினா பாயுத கத்தி பழம் நறுக்கவாவே?

கல்லிடை அப்பளம்:
மருமகன் சார், தோப்புல நிக்கிற ஆளுக்குப் பூட்டுள்ளது பாருங்க. ஓப்பினெல்ல 1955-லேர்ந்து கழுத்துல ஒரு வளையம் உண்டு, திருப்பிவிட்டா அலகு வெரல் மேல மடங்காது. சாரல் சொல்லுதது சரி, மழைக்கு முன்ன மூட்டுல எண்ண விடணும்.

என் நாலு பேர்ல ஒருத்தன் இன்னும் பெட்டியவே பிரிக்கல, ஷோகேஸ்ல வச்சிருக்கான். அந்த ஒரு ரூவாயும் பாக்கி. சில்லறை இல்ல, ஜீபே பண்ணட்டுமாங்கான். செல்லுமான்னு ஆச்சிகிட்டதான் கேக்கணும்.