விசில் சத்தம் பிடிபட்டது (புதுப்பிப்பு)

80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் காரின் முன்பக்கம் எங்கிருந்தோ மெல்லிய விசில் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பெல்ட், டர்போ, வீல் பேரிங் என்று ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள்.

காலியான நேர்ச்சாலையில் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் சுற்று இறங்கியது, விசில் அப்படியே இருந்தது. அதோடு, எஞ்சின் சுற்றுக்கேற்பச் சத்தம் மாறக்கூடிய பெல்ட்டும் டர்போவும் கழிந்தன. பேரிங் போனால் பெரும்பாலும் உறுமல்தான் வரும், இப்படிக் கீச்சென்று கேட்காது.

துப்பு கிடைத்தது ஆரல்வாய்மொழிக் கணவாயில். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிர்க்காற்றில் நாகர்கோவில் நோக்கிப் போகும்போது 60-இலேயே கத்திய வண்டி, காற்று பின்னாலிருந்து அடிக்கத் திரும்பி வரும்போது 90-இலும் வாய் திறக்கவில்லை. சரி, இது காற்றின் வேலை!

அப்புறம் மாஸ்கிங் டேப்தான். பக்கக் கண்ணாடி, கதவு இடுக்கு, முன்கண்ணாடி விளிம்பு என ஒவ்வொன்றாக ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். முன்கண்ணாடியின் இடது மேல்மூலையை மூடியதும் சத்தம் நின்றது. போன வருடம் கண்ணாடி மாற்றியபோது போட்ட ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை) அங்கே லேசாகத் தூக்கியிருந்தது. புது பீடிங் போட்டாயிற்று. தண்ணீர் பீய்ச்சியும் பார்த்தோம், உள்ளே கசிவில்லை.

பிரேக்கை மிதித்தால் கீச்சு நிற்கிறது என்று எழுதிய நண்பருக்கு: உங்களுடையது வேறு கதை. முதலில் பிரேக் பேட் தேய்மானத்தைப் பாருங்கள்.